ஸ்பேனர் யாரிடம் இருக்கிறது

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நான் ஏற வேண்டிய டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தலைக்கூடையை முதலில் உள்ளே தள்ளினார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி, பின்னால் இருந்தவர் முட்டுக் கொடுக்க, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தார்.

"ஏறும்மா, ஏறுறதுக்கே அரை நாளா?" என்றார் கண்டக்டர்.

"படிய வானத்துல வெச்சுட்டு என்னையச் சொல்றியா? ஒங்க ஆத்தா எப்புடி ஏறுது?" என்றார் அம்மாள். பஸ் சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதில் மும்முரமானார்.

அந்தப் படியை வரைந்தவர் ஒருநாளும் புடவை கட்டியவரில்லை. இந்த வாக்கியத்தை வகுப்பில் சொல்லித்தான் நான் வேலைக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கினேன். தொழிற்சாலைகள் ஒரே அச்சில் செய்து தள்ளும் பொருள்கள், பஸ்ஸோ நாற்காலியோ அடுப்போ பம்போ, தம்மைப் பயன்படுத்துகிறவர்களை என்ன செய்கின்றன, யாரைக் குனிய வைக்கின்றன, யாரை நிமிர விடுகின்றன என்பது என் பாடம். மேற்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் அதைப் போதித்து, ஓய்வு பெற்று, இப்போது புனேயில் இருக்கிறேன். பொருளைச் செய்தவர்களுக்கு லாபம் கிடைத்தது. செய்தது சரிதானா என்று கேட்ட எனக்குப் பென்ஷன் கிடைக்கிறது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி வெள்ளிக்கிழமை மாலை சொற்பொழிவாற்ற அழைத்திருந்தது. என் ஆய்வுக்கெல்லாம் நடு உதாரணமாக இருப்பது வலங்கைமானைத் தாண்டி ஒரு கிராமத்தில், காலனித் தெருவில் நிற்கும் ஓர் அடிபம்பு. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன்; காரணம் போகப் போகத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் அங்கே மூன்று மாதம் தங்கி, அந்தப் பம்பை யார் யார் எப்படி எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்து ஒரு புத்தகம் எழுதினேன். கிணற்றில் யார் வாளி விடலாம், யார் விடக்கூடாது என்ற கேள்வியை இந்த இரும்பு தீர்த்து வைத்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தேன். குனிய வேண்டாம், நிமிர்ந்து நின்றே அடிக்கலாம். பழுதானால் பட்டணத்திலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டாம். ஊரிலேயே ஒருவர் ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துக் கழற்றி மாட்டிவிடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல நாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். புத்தகத்தின் அட்டையில் அமிர்தம் என்ற பெண் பம்பு அடித்துக்கொண்டே சிரிக்கிறார். அவருக்கு ஒரு பிரதிகூட அனுப்பியதில்லை என்பது புனேயில் பெட்டி கட்டும்போதுதான் உறைத்தது. ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை இரவு கும்பகோணத்தில் தங்கினேன். செவ்வாய் காலை காபி குடித்தேன். காபியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தம்ளரைப் பற்றி உண்டு. பித்தளைத் தம்ளரின் வாயில் ஏன் அந்த மடிந்த விளிம்பு என்று முதல் வருட மாணவர்களைக் கேட்பேன். விரல் சுடாமல் இருக்க என்பார்கள். அது பாதிதான். வாயில் படாமல் தூக்கி ஊற்றிக் குடிக்க என்பது மீதி. அடுத்தவர் எச்சில் மேல் உள்ள பயத்தை விளிம்பு கட்டி வார்த்து, கடையில் எடைக்கு விற்கிறோம்.

வலங்கைமானைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சாலையில் பாதிவரை நெல் காயப் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏற்றாமல் ஒதுக்கியதில் பின்சக்கரம் வரப்போரச் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள். நான் வயதைக் காரணம் காட்டி அறிவுரை மட்டும் வழங்கினேன். தூரத்தில் அறுப்பு நடந்தது. புளியமரத்தடியில் ஒரு போலீஸ் வேன். இரண்டு காவலர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெல் அறுப்புக்கு எதற்குக் காவல் என்று புனேக்காரன் கேட்கலாம். தஞ்சாவூர்க்காரன் கேட்க மாட்டான்.

பக்கத்தில் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள்.

"காலனியில இன்னும் ஆளு இறங்கலயாமே."

"வெளியூர் ஆளு வந்தாச்சுல்ல. இவங்களும் ரெண்டு நாள்ல தானா இறங்குவாங்க, பாருங்க. தண்ணி வேணும்ல."

அந்தக் கடைசிச் சொல் ஏன் அங்கே வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊருக்குள் போனதும் விளங்கியது. டீக்கடையில் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடி கிளாஸ்கள் இரண்டு வரிசையாக இருந்தன: ஒன்று உள்ளே பலகையில், ஒன்று வெளியே கம்பத்தில். பத்து வருடம் முன்பும் அப்படித்தான் இருந்தன. கொடிக் கம்பத்தில் மட்டும் கொடியின் நிறம் மாறியிருந்தது. காலனித் தெரு முனையில் என் பம்பு நின்றது. சிமென்ட் மேடை இருந்தது, தூண் இருந்தது, மூக்கு இருந்தது. கைப்பிடி இல்லை.

அமிர்தம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான்தான் ஒரு நிமிடம் தடுமாறினேன். அட்டைப்படத்தில் இருந்தவருக்கு இப்போது மருமகள் வந்துவிட்டிருந்தார்.

"நோட்டுப் புஸ்தகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களே, அந்த சார்தானே? வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தேன். இன்னொரு தம்ளர் கேட்டேன். கொடுத்தார். அதையும் குடித்து முடித்த பிறகுதான் கைப்பிடி எங்கே என்று கேட்டேன்.

"கழட்டிட்டுப் போயிட்டாங்க சார். எட்டு நாளாவுது."

"பழுதா?"

"ரிப்பேருன்னுதான் சொன்னாங்க. சர்க்கார் சொன்ன கூலி நெல்லக் குடுத்தாத்தான் அறுப்புல இறங்குவோம்னு போன திங்கக்கெழம சொன்னோம். செவ்வாக்கெழம காலைல பம்பு ரிப்பேராயிடுச்சு."

"அப்ப தண்ணிக்கு?"

"வாய்க்காதான் நின்னுபோச்சே. ஆத்து மணல்ல ஊத்து தோண்டி எடுக்கறோம். போக வர ஒரு மணி நேரம். நீங்க குடிச்சது விடியக்காலம் மருமவ கொண்டாந்தது."

இரண்டு தம்ளரும் என் வயிற்றில் கனத்தன. பேச்சை மாற்றும் அவசரத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். "பக்கத்துலயே குளம் இருக்கே?" என்றேன்.

"அது ஊர்க் கொளம் சார். மூணு மாசம் இருந்தீங்களே, புஸ்தகத்துல அத எழுதலயா?"

எழுதவில்லை. பம்பு வந்துவிட்டதால் குளம் இனி ஒரு விஷயமே இல்லை என்று எழுதியிருந்தேன்.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது நானா? பல்லு எல்லாம் இருக்கு பாருடி," என்றார் அமிர்தம்.

"பல்லு என்ன பல்லு, பம்புல கைப்புடி இருக்கு பாரு," என்றார் இன்னொருவர். அவர்கள் சிரித்தார்கள். நான் சேர்ந்துகொள்ளவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அமிர்தம் தணிந்த குரலில் சொன்னார். "நாலு வீட்டுல, போதும், பேசாம இறங்கிடலாம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க சார். பச்சப்புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எத்தன நாளு ஆத்துக்கும் வீட்டுக்கும் நடக்கறது? வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. பழைய கூலிக்கே போயி நிப்பாங்க."

வேன் வேண்டியிருக்கவில்லை, தடி வேண்டியிருக்கவில்லை. ஒரு ஸ்பேனர் போதுமாக இருந்திருக்கிறது.

கழற்றியவர் பக்கிரிசாமி. பம்பின் பராமரிப்பாளர் என்று அரசுப் பதிவேட்டில் இருப்பவர். மிராசுதாரின் காரியஸ்தர் என்று ஊரில் இருப்பவர். எனவே மாலையில் மிராசுதார் வீட்டுக்கே போனேன். எனக்கு அங்கே நுழைவுச்சீட்டு உண்டு. என் தாத்தாவுக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தது. உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து, வருவதற்கு முன்பே விற்றுவிட்டுப் பட்டணம் போனதுதான் நிலச்சீர்திருத்தத்துக்கு எங்கள் குடும்பம் ஆற்றிய தொண்டு. மிராசுதார் வேறு வழியில் தொண்டாற்றினார். சட்டம் வந்ததும் அவர் வீட்டில் நிலச் சொந்தக்காரர்கள் பெருகினார்கள். தொட்டிலில் கிடந்தவர் உட்பட.

"வாங்க புரொபசர். நம்ம பக்கத்து மனுஷர், லாட்ஜுல தங்கலாமா?" என்றார். கரை வேட்டி. ஆட்சி மாறும்போது கரை மாறுமே தவிர வேட்டி மாறாது. ரவா தோசை வந்தது; முறுகலாக, முந்திரி தூக்கலாக. கோபத்தோடு சாப்பிட்டாலும் நல்ல தோசை நல்ல தோசைதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது பார்த்தேன். மாட்டுக்கொட்டகையின் இரட்டைக் கதவுக்குக் குறுக்கே, இரண்டு கொக்கிகளில், ஒரு சதுர இரும்புத் தண்டு தாழ்ப்பாளாகக் கிடந்தது. அதை நான் இருட்டிலும் அடையாளம் சொல்வேன். பத்து வருடம் அதன் படத்தைத் திரையில் காட்டி, கை படும் இடத்தில் ஏன் அது உருண்டையாகிறது என்று விளக்கியிருக்கிறேன்.

"இது பம்பு கைப்பிடி," என்றேன்.

"ஆமா," என்றார் மிராசுதார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ரிப்பேருக்குக் கழட்டினது. சும்மாத்தானே கெடக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

"நானே எடுத்துட்டுப் போய் மாட்டிடறேன்."

"தாராளமா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. பக்கிரிசாமி கார்டு எழுதணும். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்லேர்ந்து மெக்கானிக் வந்து மாட்டணும். சர்க்கார் பொருள், நீங்களோ நானோ தொடலாமா? ஏம்ப்பா பக்கிரி, கார்டு எழுதினியா?"

தூணோரம் நின்றிருந்த பக்கிரிசாமி, "கார்டு தீந்து போச்சுங்க," என்றார். அவர் சட்டைப் பையில் ஸ்பேனரின் தலை எட்டிப் பார்த்தது; மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில்.

புதன்கிழமை யூனியன் ஆபீஸ். எந்த ஊர் யூனியன் என்பதையும் சொல்லப் போவதில்லை. வழியில் சைக்கிள் ரிக்‌ஷாவின் சங்கிலி மூன்று முறை கழன்றது. புனேயில் ஆட்டோக்காரர் மூன்று முறை பொய் சொல்லியிருப்பார். இவர் மூன்று முறையும் இறங்கி மாட்டினார். அன்றைய தினத்தில் தம் பொறுப்பிலுள்ள இயந்திரத்தைத் தாமே சரிசெய்த ஒரே மனிதர்.

எழுத்தர் நல்லவர். நாற்காலி கொடுத்தார். விசிறியை என் பக்கம் திருப்பினார். புகாரை மட்டும் வாங்க மறுத்தார்.

"பராமரிப்பாளர் அனுப்பற அச்சடிச்ச கார்டு வரணும் சார். வேற யாரு குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு விதி."

"அந்தப் பராமரிப்பாளர்தான் கைப்பிடியக் கழட்டிட்டுப் போனவர்."

"அப்ப அவருக்குத்தானே சார் விவரம் நல்லாத் தெரியும்," என்றார் எழுத்தர். கிண்டல் செய்யவில்லை, மனதாரச் சொன்னார்.

"இப்படி ஒரு விதிய எந்தப் புத்திசாலி போட்டான்?"

அவர் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, தூசி தட்டி, நாடாவை அவிழ்த்து, விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். "பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் புகார் பெறுவது பொய்ப் புகார்களுக்கு வழிவகுக்கும் என்பதால், பராமரிப்பாளரின் அஞ்சலட்டையை மட்டுமே ஏற்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது." பிறகு நிமிர்ந்தார். "யாரோ ஒரு புரொபசர் சார். மூணு மாசம் தங்கி எழுதினாராம்."

கீழே என் கையெழுத்து. அந்த நாளில் எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்.

நான்தான் அது என்று எழுத்தரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து, வாசலில் வேர்க்கடலை வாங்கி, வேப்பமரத்தடியில் நின்று தின்றேன். வாழ்க்கை முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டவன் நான்: இந்தப் பொருள் யாரைக் குனிய வைக்கிறது? பம்பைச் சுற்றிச் சுற்றி வந்து கைப்பிடியின் உயரத்தை அளந்தேன். அடிக்கிறவர்களின் தோள்வலியைக் கேட்டேன். மேடையில் பாசி பிடிக்கிறதா என்று பார்த்தேன். பம்போடு சேர்த்துக் கொடுத்த ஸ்பேனரும் அந்தப் பொருளின் ஒரு பாகம் என்று தோன்றவே இல்லை. அது யார் சட்டைப் பையில் போய் உட்காரும் என்று ஒரு நாள், ஒரு வேளை கேட்டிருந்தால் போதும். புத்தகத்தோடு அரசுக்குக் கொடுத்த அந்த அறிக்கையில் பராமரிப்பாளருக்குத் தகுதியாக நான் எழுதியது எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர். செல்வாக்கு என்ற சொல்லை அந்த மண்ணில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறேன்.

ஆனால் விதியை எழுதியவனுக்கு விதியின் பொத்தல்களும் தெரியும். கடலைத் தோலை உதறிவிட்டு உள்ளே போனேன். வெள்ளைத்தாள் இரண்டு வாங்கினேன். பம்பு ஓடவில்லை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "அரசுக்குச் சொந்தமான இரும்புக் கைப்பிடி ஒன்று அதன் இடத்தில் இல்லை. கழற்றிய பாகம் அலுவலகக் கிடங்கில் ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீது உண்டா என அறிய விரும்புகிறேன். இல்லையேல் அரசு உடைமை காணாமற்போனதாகக் கருதி மேல்நடவடிக்கை எடுக்கவும். மேற்படி கைப்பிடி கடைசியாக ஒரு மாட்டுக்கொட்டகைக் கதவில் காணப்பட்டது." இது பம்புப் புகார் இல்லை, கிடங்குப் பிரிவுக்குப் போக வேண்டிய மனு. வாங்க மறுக்க எந்த விதியும் இல்லை. எனக்குத் தெரியும்.

எழுத்தர் இரண்டு முறை படித்தார். "மாட்டுக்கொட்டகைன்னு வேண்டாமே சார். 'தனியார் இடத்தில்'னு போடலாம்."

"மாடு தனியார்தான். கொட்டகையும் இருக்கட்டும்," என்றேன். இரண்டாவது தாளில் முத்திரையும் தேதியும் சுருக்கொப்பமும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரியைப் பார்த்தேன். இளைஞர், மரியாதையானவர், நெற்றியில் வியர்வை.

"நேத்து ராத்திரியே மிராசுதார் பேசிட்டார் சார். இத இவ்வளவு பெரிசு பண்ண வேண்டாம்னார்."

"ஒரு தெருவுக்குப் பத்து நாளா தண்ணி இல்ல."

"அது குறை சார். குறைன்னா பாத்துக்கலாம். நீங்க காணோம்னு எழுதிட்டீங்க. காணோம்னா அது ஆடிட்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலைல மெக்கானிக்க அனுப்பறேன். மனுவ வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"தண்ணி வந்ததும்."

ஒரு தெரு முழுவதும் ஆற்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அசையாத அலுவலகம், ஓர் இரும்புத் தண்டு பதிவேட்டில் இடறியதும் எழுந்து நின்றது. மகிழ்வதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். கோபம் மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வத்தக்குழம்பு, உப்பு கூடுதல். அல்லது எனக்கு அன்று எல்லாமே அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை யூனியன் ஜீப் தானாகக் கிளம்பாது என்றார்கள். நானும் மெக்கானிக் ஆரோக்கியசாமியும் எழுத்தரும் தள்ளினோம். இந்த முறை வயதைக் காரணம் காட்டவில்லை. ஆரோக்கியசாமி வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஜீப்பின் பின்னால் என் கைப்பிடி கிடந்தது. இரவோடிரவாகக் கிடங்குக்கு வந்துவிட்டதாம். ரசீதில் தேதி போன வாரத்துச் செவ்வாய்க்கிழமை. கைப்பிடியில் ஒட்டியிருந்த சாணம் இன்னும் காயவில்லை.

தெருவே பம்பைச் சுற்றி நின்றது. ஆரோக்கியசாமி கைப்பிடியைத் துணியால் துடைத்து, சங்கிலியை மாட்டி, அச்சாணியைச் செருகி, இரண்டு நட்டுகளையும் முறுக்கினார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அமிர்தத்தின் மருமகள் அடித்தார். முதலில் காற்று, பிறகு செம்மண் நிறம், பிறகு தண்ணீர். யாரும் கை தட்டவில்லை. குடங்கள் வரிசையாக வந்தன.

அமிர்தம் மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பேனரு இனிமே யாருகிட்ட இருக்கும்ணே?"

"என்னுது ஆபீஸ் ஸ்பேனரும்மா. ஊர் ஸ்பேனர் பராமரிப்பாளர்கிட்டதான்."

"அப்ப இன்னிக்கு ராத்திரியே திரும்பக் கழட்டலாம்."

ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். நான் முறையைச் சொன்னேன்: பராமரிப்பாளரை மாற்ற ஊராட்சிக் கூட்டம் கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், யூனியன் ஒப்புக்கொள்ள வேண்டும், நான் எழுதித் தருகிறேன், மேலே அனுப்பலாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அறிக்கை மாதிரிக் கேட்டது. கூட்டத்துக்குத் தலைவர் மிராசுதாரின் மைத்துனர்.

அமிர்தம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அச்சாணியின் முனையைத் தொட்டுக் காட்டினார். நட்டைத் தாண்டி விரற்கடை இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"அருவாளுக்குப் பிடி போடறப்ப, காம்ப உள்ள வுட்டு, மறுபக்கம் வந்த முனைய அடிச்சு மடக்கிடுவோம். ஆயுசுக்கும் கழண்டு வராது. இதையும் அப்புடி அடிச்சுட்டா?"

"அப்புறம் எவனாலயும் கழட்ட முடியாதும்மா," என்றார் ஆரோக்கியசாமி. "உள்ள பேரிங் தேஞ்சா நானே வந்தாலும் ரம்பம் வெச்சு அறுத்துத்தான் எடுக்கணும்."

"அன்னிக்கு அறுத்துக்கலாம்ணே. இன்னிக்கு யாரும் கழட்டக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன். எளிதாகக் கழற்றி மாட்டலாம் என்பதுதான் அந்தப் பம்பின் பெருமை. என் புத்தகத்தின் பெருமை. பல நாட்டுக்காரர்கள் பாராட்டிய வாக்கியம். நல்ல வடிவமைப்பை இப்படி நாசம் செய்யக் கூடாது என்பதற்கு என்னிடம் ஏழு காரணங்கள் இருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

ஆரோக்கியசாமி ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, "நான் போய் ஒரு பீடி குடிச்சுட்டு வரேன். நான் எதையும் பாக்கல," என்று பனைமரத்துப் பக்கம் போனார். போகும்போது திரும்பாமலே சொன்னார்: "தலைப்பக்கம் கனமா ஒண்ண முட்டுக் குடுத்துக்குங்க. இல்லேன்னா அடி தாங்காம ஆணி நழுவும்."

சம்மட்டி வந்தது. ஒரு கடப்பாரையும் வந்தது. கடப்பாரையை அச்சாணியின் தலைக்கு முட்டாகப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அசையாமப் புடிங்க சார்," என்றார் அமிர்தம். "கண்ண மூடாதீங்க."

மூடினேன். ஒவ்வோர் அடியும் முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறியது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. கண்ணைத் திறந்தபோது அச்சாணியின் முனை காளான் மாதிரி விரிந்து நட்டின்மேல் கவிழ்ந்திருந்தது. அழகாக இல்லை.

செய்தி போயிருக்க வேண்டும். பக்கிரிசாமி சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். நட்டில் வைத்தார். திருகினார். சைக்கிளில் வந்த வேகத்தோடு இன்னொரு முறை திருகினார். ஸ்பேனர் வழுக்கி அவர் முழங்கை தூணில் இடித்தது. பெண்கள் குடத்தை வைக்க அவரை ஓரமாக நகரச் சொன்னார்கள்.

"என்ன சார் இது? சர்க்கார் பொருளச் சேதப்படுத்தியிருக்கீங்க."

"புகார் அனுப்புங்க," என்றேன். "கார்டு உங்ககிட்டதானே இருக்கு."

"கார்டு வந்தா ஒடனே வரேன்," என்றார் பனைமரத்துப் பக்கமிருந்து திரும்பிய ஆரோக்கியசாமி.

"என்னன்னு எழுதுவீங்கண்ணே?" என்று அமிர்தம் பக்கிரிசாமியைக் கேட்டார். "பம்பு நல்லா ஓடுதுன்னா?"

மதியத்துக்கு மேல் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்தேன். புறப்படும்போது அமிர்தம் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். "படத்துல சிரிச்சிக்கிட்டு இருக்கேன், அது இருக்கட்டும்," என்றார். "அதுக்குக் கீழ ஸ்பேனரு யாருகிட்ட இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க சார்." எழுதிவிட்டேன், இதுதான் அந்த வரி, கொஞ்சம் நீண்டுவிட்டது.

பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டார். "காலனிக்காரங்க இன்னும் இறங்கலயாம். பம்பு வேற ஓடுதாமே."

"வெளியூர் ஆளும் அரை வயலுதான் முடிச்சிருக்கான். மழ கிழ வந்தா நெல்லு போச்சு."

"அப்பப் பேசித்தான் ஆகணும்," என்றார் வெள்ளைச் சட்டை. வாழ்நாளில் என் ஆய்வுக்கு வந்த மதிப்புரைகளில் அதைத்தான் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

கல்லூரிக்குக் கால் மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சட்டையில் துரு, வேட்டியில் சேறு. அழைத்தவர்கள் நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு சால்வை போர்த்தினார்கள், துரு மறைந்தது. தயாரித்து வந்த உரையை எடுக்கவில்லை. திரையில் அமிர்தத்தின் படத்தைப் போட்டு, செவ்வாய் முதல் வெள்ளிவரை நடந்ததைச் சொன்னேன். துறைத்தலைவர் ஒருவர் எழுந்தார். வாழ்நாள் முழுவதும் நான் எழுப்பிய மாதிரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"எல்லாம் சரி சார். ஆனா ஒரு இயந்திரத்தைக் கழற்றவே முடியாமல் செய்துவிட்டால், பராமரிப்புக் கோணத்தில் அது மோசமான வடிவமைப்பு ஆகாதா?"

"மிக மோசமான வடிவமைப்பு," என்றேன். "கடப்பாரையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்."